குருதி தந்தவர்க்கு மருந்து எப்போது?

மருத்துவ ஆராய்ச்சி இன்று வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்து வருகிறது. நோயின் துன்பத்தைத் தணிப்பதே மருத்துவத்தின் எல்லை என்றிருந்த நிலை மாறி, நோய்க்கு வித்தாக அமைந்த மரபணுவையே திருத்தும் நிலை தோன்றியுள்ளது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளிக் குருதியைக் கொண்டு, அக்குழந்தைக்குப் பின்னாளில் வரவிருக்கும் நோயை முன்னரே அறிய முடிகிறது. இவற்றையெல்லாம் கண்டு நாம் மகிழ்கிறோம், மகிழவும் வேண்டும். ஆயினும் மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல், இவ்வறிவு யாரிடமிருந்து பெறப்பட்டது, யாரைச் சென்று சேர்கிறது என்ற வினாவையும் எழுப்புதல் கற்றோர் கடமையாகும்.

மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்பது வள்ளுவர் வகுத்த முறை. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. நோயுற்றவரை அவர் முதலில் வைத்தார். மருந்துக்கு மூன்றாம் இடமே தந்தார். இன்றைய ஆராய்ச்சிச் செய்திகளிலோ மருந்து மட்டுமே ஒளியில் நிற்கிறது. ஏனைய மூவரும் நிழலில் நிற்கின்றனர். இவ்வரிசையை மீண்டும் நேராக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இதற்குச் சான்றாக அரிவாள் செல் நோயின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். மரபணு மருத்துவத்திற்கு வழிகாட்டிய நோய்களுள் இது தலையாயது. அதன் வரலாற்றில் ஒரு பக்கம் நம் நீலகிரி மலையில் எழுதப்பட்டது என்பதும் நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

ஓர் எழுத்துப் பிழை

தமிழில் 'கொள்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'கொல்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? மாறியது ஓர் எழுத்தே, பொருளோ தலைகீழாகிவிடுகிறது. அரிவாள் செல் நோயும் இத்தகைய ஓர் எழுத்துப் பிழையே. நம் குருதியின் சிவப்பணுக்களில் ஈமோகுளோபின் என்னும் புரதம் உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. அப்புரதத்தின் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் அங்கே வேலின் வந்து அமர்கிறது. அவ்வளவே பிழை.

விளைவோ பெரிது. வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருக்கவேண்டிய சிவப்பணு, உயிர்வளி குறையும்போது விறைத்துக் கதிரரிவாள் போல் வளைகிறது. நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் தாங்கொணா வலி எழுகிறது. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாள்களுக்குள் அழிந்துவிடுகிறது. அதனால் சோகை நீங்குவதில்லை. மண்ணீரல் பழுதுபடுவதால் சிறு தொற்றும் குழந்தைகளின் உயிருக்கு இடராகிறது.

1910ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இவ்வணுக்களின் வடிவத்தை முதன்முதலில் மருத்துவ ஏட்டில் பதிவு செய்தார். அவர் கண்ட நோயாளி கிரனடா தீவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்த மாணவர். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும் இது ஒரு மூலக்கூற்று நோய் என்று நிறுவினர். ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூற்றின் மாற்றத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டது அதுவே முதன்முறை. பிழை எந்த இடத்தில் உள்ளது என்பதை 1957இல் வெர்னான் இங்கிரம் சுட்டிக்காட்டினார்.

நீலகிரியில் எடுத்த குருதி

1952ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுக்கூறு இருப்பதைக் கண்டறிந்து பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆப்பிரிக்க வழியினரிடமே காணப்படுவது என்று அதுவரை பெரிதும் எண்ணப்பட்ட ஒன்று, இந்திய மலைவாழ் மக்களிடமும் உண்டு என்பது அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தியது. மனிதக் குழுக்களுக்கிடையே உள்ள தொல் உறவுகளைத் தேடுவோர்க்கு அது பெருஞ்செல்வமாக அமைந்தது.

ஆனால் குருதி தந்தவர்க்கு அதனால் விளைந்த நன்மை யாது? தம் குருதியில் என்ன உள்ளது என்பதை உலகின் மருத்துவ ஏடுகள் அறிந்துகொண்டன. பணியர் குடிசையிலும் இருளர் குடிசையிலும் வலியால் துடித்த பிள்ளையின் தாய் அறியவில்லை. இவ்வாறு கூறுவதால் அவ்விரு அறிஞர்களையும் நாம் குறை கூறவில்லை. அன்று அவர்கள் கையில் மருந்தும் இல்லை. கண்டறிதலுக்கும் காத்தலுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்ற எண்ணம் பல்லாண்டுகள் எழாமற் போனதே நம் வருத்தம்.

இந்நோய்க்கூறு ஓர் இழிவின் அடையாளமும் அன்று. 1954இல் ஆன்டனி அலிசன் என்னும் அறிஞர் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வால் இதன் மறுபக்கத்தை விளக்கினார். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறு பெற்றவர்களைக் கொடிய மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் கொசுக்கடிக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்கு இது ஒரு கேடயமாயிற்று. கேடயம் இரண்டு சேரும்போதே நோயாகிறது. பழங்குடியினர் குருதியில் உள்ளது அவர்தம் முன்னோர் மலேரியாவோடு பொருது நிலைத்த வரலாறு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

தாய் வயிற்றில் கிடைத்த திறவுகோல்

புதிய சிகிச்சையின் கதை ஒரு குழந்தை மருத்துவரின் கூர்த்த கவனிப்பில் தொடங்குகிறது. புரூக்ளின் நகரின் ஜானட் வாட்சன், இந்நோயுடன் பிறந்த குழந்தைகளுக்கு முதற்சில மாதங்களில் துன்பம் தோன்றாமையை 1948இல் எடுத்துக்காட்டினார். கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறுவகை ஈமோகுளோபின் உண்டு. அதில் இவ்வெழுத்துப் பிழை இல்லை. பிறந்து சில மாதங்களில் அது குறைந்து, பிழையுள்ளது அதன் இடத்தைப் பிடிக்கிறது. அப்போதுதான் நோய் தலைகாட்டுகிறது.

அவ்வாறாயின், கருவில் இருந்த ஈமோகுளோபினை மறையாமற் காக்க முடியுமா? கிழக்குச் சவூதி அரேபியாவிலும் இந்தியாவிலும் காணப்படும் அரிவாள் கூறு ஒரே மரபுப் பின்னணியைச் சேர்ந்தது. அறிஞர் அதனை அரேபிய-இந்திய வகை என்றே வழங்குவர். இவ்வகையினருக்குக் கருநிலை ஈமோகுளோபின் பொதுவாக மிகுதி. அதனால் நோயின் கடுமை பலரிடம் குறைவு. இயற்கையே விடையைக் காட்டிவிட்டது எனலாம். 2008ஆம் ஆண்டில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் ஆகியோர் கருநிலை ஈமோகுளோபினை அடக்கி வைக்கும் விசையாக பிசிஎல்11ஏ என்னும் மரபணு செயற்படுவதை நிறுவினர்.

2012இல் ஜெனிஃபர் டவுட்னா, இமானுவேல் சார்ப்பென்டியர் ஆகிய இருவரும் கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியை உலகுக்கு அளித்தனர்; 2020இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். நோயாளியின் எலும்பு மஜ்ஜைத் தண்டு செல்களை வெளியே எடுத்து, அவ்விசை சிவப்பணுக்களில் இயங்காதவாறு கத்தரித்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை உருவாயிற்று. 2019இல் அமெரிக்காவின் விக்டோரியா கிரே என்னும் பெண்மணி இதனைப் பெற்றார். 2023 நவம்பர் 16 அன்று பிரிட்டனும், டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் கேஸ்கெவி என்னும் பெயரில் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் வழங்கின. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 நோயாளிகளுள் 29 பேர் தொடர்ந்து 12 மாதங்களேனும் கடும் வலித்தாக்குதல் இன்றி வாழ்ந்தனர். மனித அறிவின் மாட்சிக்கு இது ஒரு சான்று என்பதில் ஐயமில்லை.

விலை என்னும் மலை

இச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கும் மேல். தேயிலைத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் நாட்கூலி பெறும் ஒருவர், எத்தனை தலைமுறை உழைத்தாலும் ஈட்ட இயலாத தொகை இது. பணம் மட்டுமே தடையன்று. புதிய செல்களைச் செலுத்துமுன் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழிக்கவேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கவேண்டும். குழந்தைப்பேறு பாதிக்கப்படும் இடரும் உண்டு. உயர்ந்த மருத்துவ வசதி உள்ள நகரங்களிலன்றி இதனைச் செய்தல் அரிது.

புதியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கும் இந்நோயே பாடம் கற்பித்தது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வாக்ஸிலோட்டார் என்னும் மாத்திரையை, அதனால் வலித்தாக்குதல்களும் இறப்புகளும் கூடக்கூடும் என்னும் ஐயத்தால், 2024 செப்டம்பரில் அதனை விற்ற நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே ஆர்வமும் வேண்டும், நிதானமும் வேண்டும்.

நம் நாட்டு ஆராய்ச்சியாளர் இவ்விலை மலையைக் குடைந்து வழி காண முயல்வது நமக்குப் பெருமை தருகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய இரத்தப் புற்றுநோய்க்கான செல் சிகிச்சை 2023இல் ஒப்புதல் பெற்றது. அதன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், குருதி உறையாமை நோயுடைய ஐவருக்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சையின் வெற்றி 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அரிவாள் செல் நோய்க்கென நம் நாட்டிலேயே உருவாகும் கிரிஸ்பர் சிகிச்சைக்குப் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர் சூட்டப்பட்டு 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வேறு, நோயாளியின் உடலில் மெய்ப்பிக்கப்படுதல் வேறு. அதுவரை வலியால் துடிப்பவர் காத்திருக்க இயலுமா?

பழைய மருந்தும் புதிய விழிப்பும்

இங்கேதான் நோயறிதலின் பெருமை விளங்குகிறது. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இந்நோயுடைய 215 பச்சிளங் குழந்தைகளுள் ஒரு பகுதியினர்க்கு நாள்தோறும் பெனிசிலின் மாத்திரை தரப்பட்டது. அவர்களிடையே உயிர்கொல்லும் நிமோனியாக் கிருமித் தொற்று 84 விழுக்காடு குறைந்தது. ஆய்வைத் தொடர்ந்து நடத்துவதே அறமன்று என்று கருதி, குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டனர். பெனிசிலின் 1928இல் கண்டறியப்பட்ட மருந்து. விலை மிகக் குறைவு. அது இக்குழந்தைகளைக் காக்காமல் இருந்ததற்குக் காரணம் மருந்தின்மையன்று. எந்தக் குழந்தைக்கு நோய் உள்ளது என்பதைப் பிறந்தவுடன் அறியாமையே.

ஹைட்ராக்சியூரியா என்னும் மற்றொரு பழைய மருந்தும் அவ்வாறே. கருநிலை ஈமோகுளோபினை இது கூட்டுகிறது. வலித்தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. பதினெட்டுக் கோடி ரூபாய்ச் சிகிச்சை எந்தத் திறவுகோலைப் பயன்படுத்துகிறதோ, அதே திறவுகோலை நாள்தோறும் விழுங்கும் மாத்திரை ஒன்று ஓரளவேனும் திருப்புகிறது. மருத்துவர் கண்காணிப்பில் முறையாகத் தரப்பட்டால் அது பல குடும்பங்களில் விளக்கேற்றும்.

நோயறியும் முறைகளும் எளிமையாகி வருகின்றன. ஒரு துளிக் குருதியைக் குறித்த கரைசலில் இட்டால், அரிவாள் கூறு இருப்பின் கரைசல் கலங்கிவிடும். பின்னால் வைத்த தாளின் கோடுகள் தெரியா. இதனை மலையூரின் துணைச் சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். பின்னர் ஆய்வகச் சோதனையால் உறுதி செய்துகொள்ளலாம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், தமிழகம் உள்ளிட்ட 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிப்பதையும், 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பதையும் குறிக்கோளாகக் கொண்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் சோதித்தோர் எண்ணிக்கை மட்டும் வெற்றியாகாது. சோதனையில் நோயுடையவர் எனத் தெரிந்தவருக்கு மறுமாதமும் அதற்கடுத்த மாதமும் மாத்திரை கிடைத்ததா என்பதே வெற்றியின் அளவுகோல்.

சொல்லும் ஒரு மருந்தே

தமிழ்த்துறையினராகிய நமக்கு இவற்றில் என்ன பங்கு என்று சிலர் வினவக்கூடும். பெரும்பங்கு உண்டு என்பது நம் கருத்து. ஹெரிக் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்னரே மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இந்நோயைத் தத்தம் மொழிகளில் பெயரிட்டு அழைத்தனர் என்பதைக் கானா நாட்டு மருத்துவர் கொனோட்டே அஹுலு எடுத்துரைத்துள்ளார். மக்கள் மொழியில் நோய்க்குப் பெயர் இருக்குமிடத்தில் நோயாளியும் வாய்திறந்து பேசுகிறார்.

நம் நாட்டில் சோதனைக்குப் பின் ஓர் அட்டை தரப்படுகிறது. அதில் இரு நிலைகளைத் தெளிவாகப் பிரித்துணர்த்த வேண்டும். இரு பெற்றோரிடமிருந்தும் பிழைக்கூறு பெற்றவரே நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கூறு தாங்கியவர். பொதுவாக அவர் நலமாகவே வாழ்வார். கூறு தாங்கிய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இவ்வேறுபாட்டை விளக்காமல் 'இரத்தத்தில் கோளாறு' என்று ஒரே சொல்லில் கூறிவிட்டால், நலமாக உள்ள ஓர் இளம்பெண்ணின் திருமணம் தடைப்படும். பழி எப்போதும் பெண்ணின் மீதே விழுவது நம் சமுதாயத்தின் வழக்கமாயிற்றே! 2004ஆம் ஆண்டு முதல் சவூதி அரேபியாவில் திருமணத்திற்கு முன் மணமக்கள் இருவருக்கும் இச்சோதனை கட்டாயமாக்கப்பட்டது. முடிவை அறிந்தபின் மணப்பதும் தவிர்ப்பதும் அவர்தம் விருப்பத்திற்கே விடப்பட்டது. அறிவு தரப்படவேண்டும், தீர்ப்பு திணிக்கப்படலாகாது.

ஆகவே, விளக்கத் தாள்கள் நல்ல தமிழில் எழுதப்படவேண்டும். பணியர், குறும்பர், இருளர் ஆகியோரின் பேச்சுமொழிகளில் அவர்களைக் கொண்டே அவை எடுத்துச் சொல்லப்படவேண்டும். கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடியினரே பயிற்சி பெற்று நலப்பணியாளர்களாகத் தம் மக்களிடையே பணியாற்றுவது நாடெங்கும் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகும். வள்ளுவர் நான்காவதாகச் சொன்ன பேணுபவர் இவர்களே. விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் கைகோத்து, மாணவரைக் கொண்டு இத்தகைய எளிய நூல்களை உருவாக்கினால், அது பட்டத்தினும் பயன்மிக்க கல்வியாகும்.

நாம் வேண்டுவன

புதிய சிகிச்சைகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவை வளரவேண்டும், நம் நாட்டிலேயே உருவாகி விலை குறையவேண்டும். ஆனால் அவை வரும்வரை, உள்ள மருந்துகள் உரியவரைத் தவறாமல் சென்றடைதல் வேண்டும். பழங்குடியினர் வாழும் பகுதிகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பிறந்த சில நாள்களுக்குள் சோதிக்கப்படவேண்டும். ஹைட்ராக்சியூரியாவும் பெனிசிலினும் தடுப்பூசிகளும் மலையூர்ச் சுகாதார நிலையங்களில் ஒருநாளும் தீர்ந்துபோகாமல் இருக்கவேண்டும். குருதி எடுக்கும் எந்த ஆய்வும், அதன் பயனில் குருதி தந்தவர்க்கு உரிய பங்கை முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும். நாளை மரபணு சிகிச்சை நம் மண்ணில் நிறைவுறும்போது, அரசு அதன் செலவை ஏற்று, பணம் படைத்தவரின் வரிசைக்கு முன்னே நோய் முற்றியவரின் வரிசையை வைக்கவேண்டும்.

1952இல் நீலகிரி மக்கள் தந்த குருதிக்கு அறிவியல் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அக்கடனைத் தீர்க்கும் ஆற்றல் இன்று நம்மிடம் உள்ளது. முதல் தவணையாக மாத்திரையும், அதனை விளக்கும் நல்ல சொல்லும் மலையேறிச் செல்லட்டும். அதற்கு எவருடைய கண்டுபிடிப்புக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.